நோட்டுப் புத்தகத்தைக் காட்டுங்கள்

(கூலிமில் மாணவர்கள், ஆசிரியர்கள், பெற்றோர் கூடிய அவையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



அறிவியல் ஆய்வில் நேர்மை என்று தலைப்புக் கொடுத்தவர்கள், "சின்னப் பிள்ளைகளும் வருவார்கள் ஐயா, கொஞ்சம் பார்த்துப் பேசுங்கள்" என்றும் சொன்னார்கள். ஆகவே சோற்றிலிருந்து தொடங்குகிறேன்.

நூறு வருடங்களுக்கு முன்னால் மலாயாவில் கூலிகளைக் கொத்துக் கொத்தாகக் கொண்டுபோன நோய்களில் ஒன்று பெரிபெரி. கால் வீங்கும், மரத்துப்போகும், நடை தள்ளாடும், கடைசியில் இதயம் நின்றுவிடும். ஈயச் சுரங்கங்களில் வேலை செய்த சீனர்கள் ஏராளமானோர் இதில் மாண்டார்கள். அதே நாட்டில், அதே வெயிலில் உழைத்த தமிழர்களுக்கு இந்த நோய் அவ்வளவாக வரவில்லை. நெகிரி செம்பிலானில் மருத்துவராக இருந்த பிராடன் இதைக் கவனித்தார். சீனர்கள் தின்றது தீட்டி வெளுத்த சயாம் பச்சரிசி. நம் ஆட்கள் தின்றது புழுங்கலரிசி. கோளாறு அரிசியில்தான் இருக்கிறது என்றார் பிராடன். பலர் அதை நம்பவில்லை.

நம்பாதவர்களில் ஒருவர் கோலாலம்பூரில் மருத்துவராக இருந்த வில்லியம் பிளெட்சர். நோய்க்கும் அரிசிக்கும் சம்பந்தமில்லை என்ற எண்ணத்தோடுதான் அவர் சோதனையில் இறங்கினார். 1905 கடைசியில், அங்கிருந்த மனநோய் மருத்துவமனையில் நோயாளிகளுக்கு வரிசையாக எண் கொடுத்தார். ஒற்றை எண்காரர்கள் ஒரு பக்கம், இரட்டை எண்காரர்கள் மறுபக்கம். ஒரு பக்கத்துக்குப் பச்சரிசிச் சோறு, மறுபக்கத்துக்குப் புழுங்கலரிசிச் சோறு. பாதி வழியில் இரு பக்கத்தாரையும் இடம் மாற்றினார், ஆனால் அரிசியை மாற்றவில்லை. கட்டடத்தில் ஏதோ கோளாறு என்று நாளைக்கு யாரும் சொல்லிவிடக் கூடாது அல்லவா? ஒரு வருடம் கழித்துக் கணக்குப் பார்த்தார். பச்சரிசி தின்ற 120 பேரில் 43 பேருக்குப் பெரிபெரி, அவர்களில் 18 பேர் சாவு. புழுங்கலரிசி தின்ற 123 பேரில் இரண்டே பேருக்கு நோய். அந்த இருவரும் மருத்துவமனைக்கு வரும்போதே நோயோடு வந்தவர்கள். புழுக்கும்போது தவிட்டிலுள்ள தயமின் சத்து அரிசிக்குள் இறங்குகிறது என்ற விளக்கமெல்லாம் பின்னால் வந்தது. வைட்டமின் என்ற சொல்லே 1912இல்தான் பிறந்தது.

அவர் நினைத்ததற்கு நேர் எதிராக முடிவு வந்தது. அவர் என்ன செய்தார்? 1907இல் லான்செட் இதழில் அதை அப்படியே எழுதினார். நோயோடு வந்த அந்த இருவரையும்கூட ஒளிக்காமல் எழுதினார். நூறு வருடம் கடந்தும் அந்த எண்களை நாம் எடுத்துப் பேச முடிகிறது என்றால், அதற்குக் காரணம் அது.

இதில் ஒரு நெருடல் இருக்கிறது, அதையும் சொல்லியாக வேண்டும். அந்த நோயாளிகளை யாரும் கேட்கவில்லை. உங்களுக்குச் சம்மதமா என்று கேட்கும் வழக்கம் அந்தக் காலத்தில் பெரும்பாலும் இல்லை. அவர்கள் காலனி ஆட்சியில் பூட்டி வைக்கப்பட்ட மனிதர்கள். பதினெட்டுப் பேர் இறந்திருக்கிறார்கள். இன்று அப்படி ஒரு சோதனைக்கு எந்த நெறிமுறைக் குழுவும் அனுமதி தராது, தரவும் கூடாது. ஆக, எண்ணில் நேர்மையாக இருந்த மனிதர் ஆளிடம் நேர்மையாக இருந்தாரா என்பது வேறு கேள்வி. பிளெட்சரை நான் முழுக்கக் கும்பிடச் சொல்லவில்லை. அவருடைய கணக்குப் புத்தகத்தை மட்டும் கும்பிடச் சொல்கிறேன்.

இப்போது நம் ஊருக்கு வருவோம். இங்கே 1996இல் ஹைடெக் பூங்கா திறந்தார்கள். இன்று இன்டெல், இன்ஃபினியன் என்று பெயர் சொன்னாலே பிள்ளைகளுக்குத் தெரிகிறது. லூனாசிலிருந்தும் பாடாங் செராயிலிருந்தும் மூன்று ஷிப்டுக்கும் ஆள் போகிறது. அந்தத் தொழிற்சாலைகளில் உருவாகும் சில்லுகளுக்கெல்லாம் மூதாதை டிரான்சிஸ்டர். அது 1947இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் பிறந்தது. சில்லு உலகத்துக்குக் கோயில் மாதிரி இருந்த அந்த இடத்தில்தான், ஐம்பது வருடம் கழித்து, இயற்பியலின் மிகப் பெரிய மோசடிகளில் ஒன்று நடந்தது.

ஹென்ட்ரிக் ஷோன் என்ற இளைஞர், ஜெர்மனிக்காரர். சிலிக்கன் வேண்டாம், கரிமப் பொருளிலேயே, ஒற்றை மூலக்கூறு அளவிலேயே டிரான்சிஸ்டர் செய்துவிட்டேன் என்றார். உலகமே மயங்கியது. 2001இல் சராசரியாக எட்டு நாளைக்கு ஒரு கட்டுரையில் அவர் பெயர் வந்தது. எட்டு நாளில் ஒரு பரிசோதனைக்கு மாதிரியையே ஒழுங்காகத் தயார் செய்ய முடியாது. ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்த எனக்கு அது தெரியும். அங்கிருந்த பெரியவர்களுக்கும் தெரிந்திருக்க வேண்டும். நோபலுக்குப் போகும் ரயிலில் ஏறிவிட்ட நினைப்பில் யாரும் கேட்கவில்லை.

பிடிபட்டது எப்படி? எந்த அளவீட்டிலும் இரைச்சல் இருக்கும். கருவியின் நடுக்கம் வரைபடத்தில் சின்னச் சின்னக் கிறுக்கலாக விழும். ஒரே கருவியில் ஒரே மாதிரியை இரண்டு முறை அளந்தாலும் அந்தக் கிறுக்கல் ஒன்றுபோல் வராது. ஷோனுடைய வரைபடங்களிலோ, வெவ்வேறு பரிசோதனை என்று போட்டிருந்த இடங்களில் கிறுக்கல் அச்சு அசலாக ஒன்றாகவே இருந்தது. 2002இல் விசாரணைக் குழு உட்கார்ந்தது. மூலத் தரவு எங்கே என்று கேட்டது. கணினியில் இடம் போதவில்லை, அழித்துவிட்டேன் என்றார். ஆய்வுக்கூட நோட்டு? வைத்துக்கொள்ளவில்லை என்றார். 24 குற்றச்சாட்டுகளில் 16 நிரூபணமாயின. வேலை போனது. பிறகு முனைவர் பட்டமும் போனது.

அவரோடு சேர்ந்து பெயர் போட்டுக்கொண்டவர்கள் இருபது பேருக்கும் குறையாது. முக்கியமான முடிவு எதையும் அவர்களில் யாரும் நேரில் பார்த்ததில்லை. குழு அவர்களைக் குற்றமற்றவர்கள் என்று விட்டுவிட்டது. எனக்கு அதில் உடன்பாடில்லை. மாலை விழும்போது கழுத்தை நீட்டியவர், கல் விழும்போது எனக்குத் தெரியாது என்றால் எப்படி?

புத்தகத்தைக் காட்டு என்ற இந்தப் பிரச்சினை ரப்பர்த் தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்குப் புதிதாகத் தோன்றாது. பால்மரம் வெட்டி, மங்குக் கிண்ணத்திலிருந்து பாலை வாளியில் சேர்த்து, ஸ்டோருக்குக் கொண்டுபோய்க் கொடுப்பார்கள். கிராணி, அதாவது தோட்டக் கணக்கர், நிறுப்பார். அதில் கொஞ்சம் மாதிரி எடுத்து, பாலில் காய்ந்த ரப்பர் எவ்வளவு என்று சதவீதம் போடுவார். கூலி அந்தச் சதவீதத்தில்தான் இருந்தது. வெட்டுக்காரர் பாலில் தண்ணீர் கலந்துவிட்டார் என்று கிராணி சொல்வார். கிராணி சதவீதத்தைக் குறைத்து எழுதிவிட்டார் என்று வெட்டுக்காரர் முணுமுணுப்பார். யார் சொல்வது உண்மை? தராசு முள்ளையும் கிராணியின் புத்தகத்தையும் வெட்டுக்காரரும் பார்க்க முடிந்த தோட்டத்தில் சண்டை குறைவு. பார்க்க முடியாத தோட்டத்தில் நல்ல கிராணிமீதும் சந்தேகம்தான். ஆய்வுக்கூடத்திலும் இதே கதைதான். "அவர் ரொம்ப நல்லவர்" என்பது எதற்கும் பதிலாகாது. புத்தகம் எங்கே, யார் யார் அதைப் பார்க்கலாம், இந்த இரண்டும்தான் கேள்வி.

ஆய்வில் முறைகேடு என்று உலகம் மூன்றைச் சொல்கிறது. செய்யாத பரிசோதனைக்கு எண் புனைவது ஒன்று. வந்த எண்ணையோ படத்தையோ திருத்துவது இரண்டு. அடுத்தவர் எழுத்தையும் கருத்தையும் தனதாக்குவது மூன்று. நம் நாட்டில் 2017இல் பொறுப்பான ஆய்வு நடத்தைக்கான மலேசிய நெறிமுறை வந்தது. மலேசிய அறிவியல் கழகம் அதற்கென்று பயிற்சிப் பாடங்களும் தயாரித்தது. நேர்மையாகச் செய்த பிழை இந்த மூன்றில் சேராது, அதைத் தெளிவாகப் புரிந்துகொள்ளுங்கள். கருவி கெட்டது, கணக்குத் தப்பியது, பிறகு தெரிந்தது, திருத்தம் போட்டோம் என்றால் அது மரியாதைக்குரிய செயல்.

இந்த நெறிமுறை வருவதற்கு ஒரு வருடம் முன்னால் நமக்குப் பெரிய தலைகுனிவு ஒன்று நேர்ந்தது. 2016 ஜூன் மாதம், மலாயாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சயின்டிஃபிக் ரிப்போர்ட்ஸ் இதழில் எழுதிய புற்றுநோய் ஆய்வுக் கட்டுரையை யாரோ உற்றுப் பார்த்தார்கள். வெவ்வேறு செல்கள் என்று வரிசையாகப் போட்டிருந்த படங்களில், ஒரே செல் திரும்பத் திரும்ப வெட்டி ஒட்டப்பட்டிருந்தது. இணையத்தில் படம் பரவியது. நுண்ணோக்கி தேவைப்படவில்லை, வெறுங்கண்ணே போதும். பல்கலைக்கழகம் விசாரித்து, படங்களில் கைவைக்கப்பட்டிருப்பதை ஒப்புக்கொண்டது. கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. நாட்டின் மூத்த பல்கலைக்கழகம் அது. நம் வீட்டுப் பிள்ளைக்கு அங்கே இடம் கிடைத்தால் ஊருக்கே சொல்லி மகிழ்கிறோமே, அந்த இடம்.

அதே ஜூன் மாதம் எலிசபெத் பிக் என்ற அம்மையாரும் அவருடைய தோழர்களும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். உயிரியல் மருத்துவக் கட்டுரைகள் 20,621 எடுத்து, படங்களைக் கண்ணாலேயே ஒவ்வொன்றாகப் பார்த்திருக்கிறார்கள். 3.8 சதவீதக் கட்டுரைகளில் படங்கள் சந்தேகத்துக்குரியவையாக இருந்தன. அவற்றில் பாதிக்குக் குறையாதவை வேண்டுமென்றே செய்ததுபோல் தெரிந்தன. இருபத்தைந்து கட்டுரைக்கு ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆக, மலாயாப் பல்கலைக்கழகம் மட்டும் கெட்டுப்போய்விட்டது என்று நினைக்க வேண்டாம். 2023இல் உலகம் முழுவதும் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட கட்டுரைகள் திரும்பப் பெறப்பட்டன. அதில் பெரும்பகுதி ஹிந்தாவி என்ற ஒரே பதிப்பகத்தின் இதழ்களில் வந்தவை.

ஏன் இப்படி? மனிதன் கெட்டுவிட்டான், கலிகாலம் என்று சொல்லிவிட்டுப் போகலாம். என் பார்வையில் காரணம் எண்ணிக்கை. விரிவுரையாளருக்கு கே.பி.ஐ. என்ற வேலை இலக்கு, வருடத்துக்கு இத்தனை கட்டுரை. முனைவர் மாணவருக்கு, கட்டுரை அச்சில் வந்தால்தான் பட்டம். பல்கலைக்கழகத்துக்கு உலகத் தரவரிசை. எண்ணிக்கையைக் கேட்டால் எண்ணிக்கைதான் வரும்.

இதற்கு ஓர் எடுத்துக்காட்டாகச் சென்னைக்குப் போவோம். சவீதா பல் மருத்துவக் கல்லூரி இந்தியத் தேசியத் தரவரிசையில் பல் மருத்துவத்தில் முதலிடம் பிடித்தது. 2023 ஜூனில் சயன்ஸ் இதழும், திரும்பப் பெறப்படும் கட்டுரைகளைக் கண்காணிக்கும் ரிட்ராக்‌ஷன் வாட்ச் குழுவும் சேர்ந்து அதைப் பற்றி விரிவாக எழுதின. இளநிலை மாணவர்களைத் தேர்வுக் கூடத்தில் உட்கார வைத்து, சில மணி நேரத்தில் ஆய்வுக் கட்டுரை எழுத வைக்கிறார்கள், அந்தக் கட்டுரைகள் அதே கல்லூரியின் மற்றக் கட்டுரைகளை ஏராளமாக மேற்கோள் காட்டுகின்றன, அந்த மேற்கோள் எண்ணிக்கை தரவரிசையை உயர்த்துகிறது என்பது அவர்களுடைய செய்தி. கல்லூரித் தரப்பு குற்றச்சாட்டை ஏற்கவில்லை. நான் தீர்ப்புச் சொல்ல வரவில்லை. ஆனால் பெற்றோருக்கு ஒன்று சொல்வேன். இங்கிருந்து பிள்ளைகளைப் பல் மருத்துவம் படிக்கச் சென்னைக்கு அனுப்புகிறோம். தரவரிசை எண்ணைப் பார்த்துப் பணம் கட்டுகிறோம். அந்த எண் எப்படி வந்தது என்று ஒரு நாளாவது கேட்டிருக்கிறோமா?

யார் தடுப்பது என்ற கேள்விக்கு வருகிறேன். நான் சொல்ல வந்ததே இதைத்தான். பெரிய மோசடிகளை முதலில் கண்டது பெரும்பாலும் பெரியவர்கள் இல்லை. ஆய்வுக்கூடத்தின் கடைசிப் படியில் நிற்பவர்கள்.

கனடாவில் நியூஃபவுண்ட்லாந்து என்ற இடம். ரஞ்சித் சந்திரா, இந்தியாவில் பிறந்து அங்கே குடியேறிய பேராசிரியர். குழந்தை உணவு, ஒவ்வாமை, சத்து பற்றிய ஆய்வில் உலகப் புகழ். அவருடைய ஆய்வுக்குப் பச்சைக் குழந்தைகளைச் சேர்க்கும் வேலை மேரிலின் ஹார்வி என்ற தாதிக்கு. தாய்மார்களிடம் பேசி, சம்மதம் வாங்கி, பெயர் எழுதுவது அவர்தான். தேவையான குழந்தைகளை அவர் இன்னும் சேர்த்து முடிக்கவேயில்லை. முடிவுகளோ அச்சில் வந்துவிட்டன. அந்தக் குழந்தைகள் எங்கிருந்து வந்தார்கள்? அவருக்குப் புரிந்துவிட்டது. 1990களின் தொடக்கத்தில் பல்கலைக்கழகத்திடம் சொன்னார். விசாரணைக் குழுவும் முறைகேடு என்றே கண்டது. பேராசிரியர் வழக்குப் போடுவேன் என்றதும் பல்கலைக்கழகம் அடங்கிவிட்டது. அந்தத் தாதி தனித்து விடப்பட்டார். பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் தன்னுடைய 1989ஆம் வருடக் கட்டுரையைத் திரும்பப் பெற்றது 2015இல். இருபத்தாறு வருடம்! எந்தப் பால்மாவு ஒவ்வாமையைத் தடுக்கும் என்று அந்தக் கட்டுரைகளை நம்பி ஆலோசனை சொன்ன மருத்துவர்கள் எத்தனை பேரோ.

இந்த அவையில் தாதிகள் இருக்கிறீர்கள், தாதிமைக் கல்லூரிக்குப் பிள்ளைகளை அனுப்பியவர்கள் இருக்கிறீர்கள். மேரிலின் ஹார்வி என்ற பெயரை நினைவில் வையுங்கள்.

அண்மையிலும் ஒன்று நடந்தது. ரங்கா டயஸ், இலங்கையில் பிறந்து கொழும்புப் பல்கலைக்கழகத்தில் படித்து அமெரிக்கா போனவர். ரோச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் இருந்தார். அறை வெப்பத்திலேயே மின்தடை இல்லாமல் மின்சாரம் ஓடும் பொருளைக் கண்டுவிட்டேன் என்று 2020இலும் 2023இலும் நேச்சர் இதழில் எழுதினார். இரண்டு கட்டுரைகளும் திரும்பப் பெறப்பட்டன. பல்கலைக்கழகம் தொடக்கத்தில் மூன்று முறை விசாரித்து, பெரிதாக ஒன்றுமில்லை என்றது. இரண்டாவது கட்டுரையில் பெயர் போட்டிருந்த பதினொருவரில் எட்டுப் பேர், அவருடைய மாணவர்களும் அதில் அடக்கம், கட்டுரையைத் திரும்பப் பெறுங்கள் என்று இதழுக்கே எழுதினார்கள். மாணவர்களின் பட்டம் டயஸ் கையில், பரிந்துரைக் கடிதம் அவர் கையில், விசாவே ஒருவகையில் அவர் கையில். அந்த நிலையில் எழுதினார்கள். வெளியாட்களை வைத்து நடந்த அடுத்த விசாரணை முறைகேட்டை உறுதி செய்தது. 2024 இறுதியில் டயஸ் அங்கே இல்லை.

நம் நாட்டில் ஒரு மாணவி இப்படி எழுதினால் என்ன நடக்கும்? தகவல் தருவோர் பாதுகாப்புச் சட்டம் 2010 முதல் இருக்கிறது. அமலாக்க நிறுவனத்திடம் சொன்னால் காப்பு உண்டு, பத்திரிகையிடம் போனால் இல்லை. லஞ்ச ஊழலை மனதில் வைத்து எழுதிய சட்டம் அது. தன் மேற்பார்வையாளரின் வரைபடம் பொய் என்று சொல்லும் இருபத்தாறு வயதுப் பெண்ணை மனதில் வைத்து எழுதியதாக எனக்குத் தோன்றவில்லை. அவளுக்கு வேறு மேற்பார்வையாளர் உடனே கிடைக்க வேண்டும். உபகாரச் சம்பளம் நிற்கக் கூடாது. விசாரிப்பவர் அதே துறையில் அந்தப் பேராசிரியரோடு தேநீர் குடிப்பவராக இருக்கக் கூடாது. பல்கலைக்கழகங்கள் இந்த மூன்றையும் எழுத்தில் உறுதி செய்யட்டும். நேர்மை பற்றிய பட்டறைகளைப் பிறகு நடத்திக்கொள்ளலாம். பட்டறைக்குப் போய்ச் சான்றிதழ் வாங்கிவந்து மாட்டிக்கொள்ள மோசடிக்காரருக்கும் தெரியும்.

கடைசியாக, இது வீட்டுக்கு வந்து நிற்கிற இடம். சொன்னால் சிலருக்குக் கோபம் வரும், பரவாயில்லை.

நம் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள் அறிவியல் விழாக்களுக்கும் புத்தாக்கப் போட்டிகளுக்கும் போகிறார்கள். வெளிநாடு போய்த் தங்கப் பதக்கம் வாங்கி வருகிறார்கள். பத்திரிகையில் படம் வருகிறது. எனக்கும் பெருமைதான். தோட்ட லயத்திலிருந்து மூன்றே தலைமுறையில் இந்த இடத்துக்கு வந்திருக்கிறோம். ஆனால் சில கண்காட்சி மேசைகளில் நின்று பார்த்திருக்கிறேன். பத்து வயதுப் பிள்ளை கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பிக்கிறது. "இதை எத்தனை தடவை செய்து பார்த்தாய், கண்ணு?" என்று கேட்டால் பின்னால் நிற்கும் ஆசிரியர் முகத்தைப் பார்க்கிறது. அட்டவணையில் எண்கள் எல்லாம் ஐந்து, பத்து, பதினைந்து என்று அழகாக ஏறுகின்றன. மூன்றாவது நாள் மழை பெய்தது, செடி வாடியது, அப்பா தராசைத் தட்டிவிட்டார் என்று ஒரு குறையும் இல்லை. ஷோனுடைய வரைபடம் போலவே சுத்தமாக இருக்கிறது.

ஆசிரியர்களைக் குறை சொல்வது எளிது. அவர்களுக்கும் மேலே இருந்து அழுத்தம், பள்ளிக்குப் பேர் வேண்டும், மாணவர் எண்ணிக்கை குறைந்துவரும் பள்ளிக்குப் பதக்கம்தான் விளம்பரம். இருந்தாலும் யோசித்துப் பாருங்கள். எண்ணைப் பெரியவர்கள் எழுதிக் கொடுப்பார்கள், நாம் ஒப்பித்தால் போதும் என்று பத்து வயதில் கற்ற பிள்ளைக்கு, முப்பது வயதில் எந்த நெறிமுறைப் புத்தகம் என்ன சொல்லிக் கொடுக்கும்?

அதனால் என் வேண்டுகோள் இதுதான். நீதிபதிகளாக உட்காருபவர்களே, மாதிரி உருவத்தைப் பார்க்குமுன் பிள்ளையின் நோட்டைக் கேளுங்கள். பிள்ளையின் கையெழுத்தில், தேதி போட்டு, அடித்தல் திருத்தலோடு இருந்தால் அதற்குப் பாதி மதிப்பெண் கொடுங்கள். நோட்டு இல்லையென்றால் பதக்கம் இல்லை என்று முன்கூட்டியே அறிவித்துவிடுங்கள். ஆசிரியர்களே, முடிவு வராமல் போன பரிசோதனைக்கும் மேசை கொடுங்கள். பெற்றோர்களே, உங்கள் பிள்ளை பல்கலைக்கழகத்திலிருந்து போன் போட்டு, "அப்பா, எங்கள் லேபில் ஒன்று சரியாக இல்லை" என்று சொன்னால், "நமக்கேன் வம்பு, பட்டத்தை வாங்கிக்கொண்டு வா" என்று சொல்லாதீர்கள். உட்கார்ந்து முழுக்கக் கேளுங்கள். என்ன பார்த்தாய், எந்தத் தேதி, எழுதி வைத்திருக்கிறாயா என்று கேளுங்கள். எழுதி வைக்கவில்லையென்றால் இன்றிரவே எழுதச் சொல்லுங்கள்.